வாளி காய்ந்து கிடந்த வாரம்

பிள்ளைகளே, போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு உங்களைப் பார்க்க வந்தபோது, நீங்கள் எனக்குத் தேநீர் எடுக்கப் போன நேரத்தில், மேசையில் கிடந்த பதிவேட்டைப் புரட்டினேன். பார்க்கக் கூடாதுதான். ஓய்வு பெற்றவளுக்குக் கை சும்மா இருக்காது. நீங்கள் வளர்த்த பற்றீரியாவில் நாலு தொகுதிகள் பிழையாகிப் போயிருந்தன. நாலுக்கும் 'காரணம்' என்ற இடத்தில் ஒரே சொல்லை எழுதியிருந்தீர்கள்: கொன்டமினேஷன். வெளியிலிருந்து வேறு கிருமி புகுந்து கெடுத்துவிட்டது என்று அர்த்தம். நாலு முறையும் புகுந்ததா, அல்லது மாலை ஐந்து மணியாகிவிட்டது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதினீர்களா என்று நான் கேட்கவில்லை. தேநீர் நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏனென்றால் அதே சொல்லை நானும் ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். இதை வாயால் சொல்ல எனக்கு இன்னும் வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுகூடம் கொட்டாஞ்சேனையில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லொறிகள் நாள் முழுக்க ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். கீழே களஞ்சியமும் பாத்திரம் கழுவும் அறையும், மேலே நாங்கள். எங்கள் பற்றீரியாவை உங்களுக்குத் தெரியும், அதன் வாரிசுகளோடுதான் நீங்கள் இப்போது மல்லுக்கட்டுகிறீர்கள். எண்ணெய் தின்கிற சாதி. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே, அதனால் தானே ஒரு சவர்க்காரத்தைச் செய்து வெளியே விட்டு, எண்ணெயைச் சிறு துளிகளாக்கித் தின்னும். பயோசர்பக்டன்ட் என்று அதற்குப் பெரிய பெயர். நாங்கள் அதைச் சவர்க்காரம் என்றுதான் சொல்வோம். கப்பல்களின் எண்ணெய்த் தாங்கிகளில் அடியில் ஒட்டிக் கிடக்கிற கறுப்புக் கழிவை அதனால் கழுவலாம் என்பது எங்கள் நம்பிக்கை.

அந்தப் பற்றீரியாவின் குணம் ஒன்றுதான். காபன், அதாவது எண்ணெய், தாராளமாகக் கிடைக்க வேண்டும். நைதரசன் அளவோடு இருந்து தீர்ந்துபோக வேண்டும். நைதரசன் இருக்கும்வரை அது தின்று பெருகும், சவர்க்காரத்தைப் பற்றி நினைக்காது. நைதரசன் தீர்ந்து, எண்ணெய் மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான் முழு மூச்சாக வேலை தொடங்கும். வயிறு நிறைந்தவன் வேலைக்கு வரமாட்டான் என்று பகிடி பண்ணுவோம். இதை வருடக் கணக்காக நானே வகுப்பெடுத்தேன். படம் போட்டும் காட்டினேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

எங்கள் எண்ணெய் வெள்ளவத்தையிலிருந்து வந்தது. என் வீட்டு ஒழுங்கைக்குப் பக்கத்தில் ஒரு வடைக்கடை இருந்தது. பொரித்துக் கழித்த தேங்காய் எண்ணெயை அவர்கள் தகர டின்களில் ஊற்றி வைப்பார்கள். வாரம் ஒருமுறை பாரூக் நானா த்ரீவீலரில் போய் எடுத்து வருவார்.

பாரூக் நானா எங்கள் தொழில்நுட்ப உதவியாளர், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். தெமட்டகொடையில் இரண்டு அறை வாடகை வீட்டில் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தார். வயது ஐம்பத்தொன்று. பட்டம் எதுவும் இல்லை, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. குடுவையிலே நாங்கள் வளர்த்த பற்றீரியாவைப் பெரிய தாங்கிக்குள் மாற்றுவது அவர் கை வேலை. அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. தாங்கி என்றால் இருநூறு லீற்றர் கொள்ளும் உருக்குத் தாங்கி. சவர்க்காரம் உண்டாகத் தொடங்கினால் நுரை பொங்கி மேல் குழாய் வழியாக வெளியே வரும். அதைப் பிடிக்க நானா ஒரு மஞ்சள் வாளியைக் குழாயின் கீழே வைப்பார். மற்ற ஆய்வுகூடங்களில் நுரை வந்தால் திட்டுவார்கள். நாங்கள் வாளியில் நுரை விழுந்தால் இஞ்சித் தேநீர் போடுவோம்.

அந்த வருடம் துறைமுகத்துக் கப்பல் தாங்கிகளைக் கழுவுகிற ஒரு சிங்கள ஒப்பந்தக்காரர் எங்களிடம் வந்தார். மாத முடிவு வெள்ளிக்கிழமை அவருடைய களத்தில் ஒரு பழைய தாங்கியைக் கழுவிக் காட்ட வேண்டும். சரிவந்தால் எங்கள் பகுதிக்கு ஆயுள் கூடும். அதுவரை தாங்கியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்துகொண்டிருந்தோம். தாங்கி முழுக்கச் செய்ய எண்ணெய் பல மடங்கு வேண்டும். எங்கள் ஆய்வுகூடப் பணிப்பாளர் காலையும் மாலையும் வந்து "என்ன மிஸ், எப்ப தொடங்கப் போறீங்க?" என்று நின்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவசரத்தைத் தொற்றுநோய் மாதிரிப் பரப்புவார், எனக்கு உடனே தொற்றிவிடும்.

தொடங்குகிற அன்று காலை கீழே களஞ்சியத்துக்குப் போனேன். நானா நிலத்தில் குந்தியிருந்து ஒரு டின் எண்ணெயை மெல்லிய வெள்ளைத் துணியால் வடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வடிக்காத டின்கள் ஒன்பது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன நானா இது, ஒவ்வொரு டின்னா வடிச்சுக்கொண்டிருந்தால் எப்ப முடிக்கிறது? அப்பிடியே ஊத்துங்கோ."

"மிஸ், அடியில தூள் நிறைய ஈக்கிது..."

"இருக்கட்டும். உள்ளுக்க போனாப் பிறகு கிருமி எல்லாத்தையும் சூடாக்கிக் கொல்லத்தானே போறம். ஊத்துங்கோ."

அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். டின்களைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். நான் சொன்னதை நான் பத்து நிமிடத்தில் மறந்துவிட்டேன். செய்முறைத் தாளிலும் அந்த வடிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. 'பாவித்த தேங்காய் எண்ணெய்' என்று மட்டும்தான் நான் எழுதியிருந்தேன். இத்தனை மாதமும் உள்ளே போன எண்ணெயெல்லாம் அவர் வடித்துத் தெளிய வைத்த எண்ணெய் என்பது என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தும் எனக்கு ஒரு தகவலாகப் படவில்லை.

ஒப்பந்தக்காரருக்கான முதல் தொகுதி அமோகமாக வளர்ந்தது. இரண்டாம் நாளே உள்ளே கூழ் மாதிரித் தடித்துவிட்டது. பணிப்பாளர் கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு என் கையைக் குலுக்கினார். நானும் சிரித்தேன். நானா மட்டும் குழாயடியில் நின்று வாளியைப் பார்த்தார். வாளி காய்ந்து கிடந்தது.

மூன்றாம் நாளும் காய்ந்து கிடந்தது. நாலாம் நாள் எண்ணெய்ச் சோதனை செய்தேன். உங்களுக்குத் தெரிந்த அதே சோதனைதான். தட்டில் தண்ணீர், அதன் மேல் மெல்லிய கறுப்பு எண்ணெய்ப் படலம், நடுவில் தாங்கியிலிருந்து எடுத்த ஒரு துளி. சவர்க்காரம் இருந்தால் கறுப்பு விலகி நடுவில் வட்டமாக இடம் விடும். துளி விழுந்தது. கறுப்பு அசையவில்லை. தட்டை மாற்றி, எண்ணெயை மாற்றி, ஆறு முறை செய்தேன்.

"இண்டைக்குப் பின்னேரம் ரிப்போர்ட் வேணும். காரணம் என்ன எண்டு மேலிடத்துக்குச் சொல்ல வேணும்" என்றார் பணிப்பாளர்.

கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தட்டுகளில் வளர்க்கப் போட்டிருந்தேன். அதற்கு ஒரு நாள் வேண்டும். ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம், அவர் பொறுத்திருப்பார். ஆனால் தெரியாது என்று சொல்ல என் வாய் வரவில்லை. இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவள் எப்படித் தெரியாது என்று சொல்வது? எழுதினேன்: 'குடுவையிலிருந்து தாங்கிக்கு மாற்றும்போது ஏற்பட்ட கொன்டமினேஷன்.' யாருடைய பெயரையும் எழுதவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது, நான் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று. மாற்றுகிற வேலையைச் செய்கிறவர் அந்தக் கட்டடத்திலேயே ஒரே ஒருவர்தான்.

அடுத்த நாள் தட்டுகள் சுத்தமாக இருந்தன. எங்கள் பற்றீரியாவைத் தவிர ஒன்றும் இல்லை. பார்த்தேன். தட்டில் வளராத ஏதோ கிருமியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லி, தட்டுகளைக் கழிவுப் பெட்டிக்குள் போட்டேன். இந்தக் கதையில் நான் செய்த மிக மோசமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அறிக்கை அவசரத்தில் எழுதியது. தட்டைக் கழிவில் போட்டது நிதானமாகச் செய்தது.

திங்கள் காலை பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "பாரூக்கிட ஒப்பந்தம் இந்த மாதத்தோட முடியுது. புதுப்பிக்கிறதில்லை எண்டு முடிவு. கடிதம் டைப் பண்ணியாச்சு, வெள்ளிக்கிழமை குடுப்பம். இண்டையிலிருந்து அவர் தாங்கியைத் தொட வேணாம்."

நான் அங்கே பேசியிருக்க வேண்டும். "சரி சேர்" என்றேன்.

நானாவைக் கீழே பாத்திரம் கழுவ அனுப்பினோம். நான்தான் போய்ச் சொன்னேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை, டைப் செய்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தே கட்டடம் முழுக்க விளங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ், ஒரு விசயம் செல்லவா? இந்த முறை எண்ணெய்..." என்று தொடங்கினார்.

"நானா, இப்ப எண்ணெயைப் பற்றிக் கதைக்கிற நேரமே?" என்று வெட்டிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

இரண்டாம் தொகுதியை நானே என் கையால் தொடங்கினேன். கையுறை போட்டு, சுடர் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். வெள்ளிக்குள் முடிய வேண்டும், இன்னொன்று தொடங்க நேரம் இல்லை. மிச்சம் இருந்த டின்களிலிருந்து வேண்டிய எண்ணெயையும் நானே அவசரமாக ஊற்றினேன். இரண்டு டின் மட்டும் மிஞ்சியது.

புதன் காலை படியேறி வந்ததும் வாளியைத்தான் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. உள்ளே கூழ் தடித்திருந்தது. துளி போட்டேன், கறுப்பு அசையவில்லை.

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். தொகுதி போனதற்காக இல்லை. இந்த முறை நானா அந்தத் தாங்கியின் பக்கமே வரவில்லை. என் கையால் மாற்றியதும் அதே மாதிரிப் போயிருக்கிறது என்றால் நான் எழுதிய அறிக்கை பொய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதும் நான் கீழே போகவில்லை. பயம் வந்தவள் என்ன செய்வாள்? ஏதாவது செய்வாள். பற்றீரியாவுக்குச் சத்துப் போதவில்லை போலும் என்று எண்ணி, அரைக் கிலோ ஈஸ்ட் சாற்றுத் தூளைக் கரைத்து உள்ளே விட்டேன். ஈஸ்ட் சாறு என்றால் நைதரசன்! படம் போட்டு வகுப்பெடுத்த அதே ஆள்! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி எல்லோரும் புள்ளி வாங்கினோம், நானும் வாங்கினேன். பின்னேரம் பார்த்தால் கூழ் இன்னும் தடித்திருந்தது. வாளியில் ஒரு சொட்டு இல்லை.

வியாழன் காலை எட்டு மணிக்குக் கீழே போனேன். நானா குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். அவருக்கு முன்னால் நிற்க எனக்குக் கூசியது.

"நானா, இரண்டாவதும் பிழைச்சுப்போட்டுது. நான்தான் எல்லாம் செய்தனான். நீங்கள் எண்ணெயைப் பற்றி ஏதோ சொல்ல வந்தீங்களே, அதைச் சொல்லுங்கோ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் போனார். வெறும் டின் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துக் காட்டினார். தாங்கிக்குள் போனது போக, அடியில் இன்னும் ஒரு விரல் உயரத்துக்குக் கசடு. பருப்புத் துண்டு, கடலை மா, கருகின வெங்காயம். அதற்குள் இறால் தலையும் காலும்.

"இப்ப அங்க இறால் வடையும் போடுறாங்க மிஸ். தூள் கூட. நான் மூணு தரம் வடிச்சி, ரெண்டு மணித்தியாலம் தெளிய வெச்சித் தான் மேல குடுக்கிறது. இந்த முறை நீங்க வடிக்க வேணாம்னு சென்னீங்க."

பருப்பு. இறால். இரண்டும் புரதம். புரதம் என்றால் நைதரசன். டின் டின்னாக நைதரசனை ஊற்றி, பற்றீரியாவுக்குப் பந்தி வைத்துவிட்டு, அது ஏன் வேலை செய்யவில்லை என்று நான் ஒன்றரை வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை நானா?"

கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார்.

"ரெண்டு தரம் செல்ல வந்தேன் மிஸ்."

டின்னைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "அந்த ரிப்போர்ட்ல ஏன்ட பேர எழுதல்லன்னு எல்லாரும் செல்றாங்க. ஆனா வாசிச்ச எல்லாரும் ஏன்ட பேரத் தான் வாசிச்சீக்கிறாங்க."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அது அவருக்காக இருந்திருக்காது, என் நெஞ்சு இலேசாக வேண்டும் என்று கேட்டதாக இருந்திருக்கும். நேரே மேலே போய்ப் பணிப்பாளரின் கதவைத் தட்டினேன்.

"சேர், கொன்டமினேஷன் இல்லை. என்ர பிழை. எண்ணெயை வடிக்க வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். பாரூக் நானாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நேற்று ஈஸ்ட் சாற்றை விட்டு இன்னும் கெடுத்ததும் நான்தான்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு லொறி வருது. இப்ப வந்து இதைச் சொல்றீங்க."

"ஓம் சேர்."

"ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயிட்டுது. உங்கட கையெழுத்தோட."

"இன்னொண்டு எழுதித் தாறன். அதுவும் என்ர கையெழுத்தோடதான்."

அவர் சத்தம் போட்டார். போடட்டும், அன்றைக்கு அவருக்கு அந்த உரிமை இருந்தது. கடைசியில், "நாளைக்கு அந்தச் சாமான் வேலை செஞ்சால் உங்கட ரெண்டாவது ரிப்போர்ட்டோட நான் மேலிடத்துக்குப் போய்க் கதைக்கிறன். வேலை செய்யாட்டி இந்தப் பகுதியே இருக்காது. பிறகு பாரூக்குக்கு எந்த வேலையைப் புதுப்பிக்கிறது?" என்றார். அது நியாயம் இல்லைத்தான். ஆனால் பொய்யும் இல்லை. என் பிழையால் தொங்கிய ஒரு மனிதரின் வேலை இப்போது அந்த மஞ்சள் வாளியில் தொங்கியது.

என் கையில் இருந்த வழி ஒன்றுதான். போன நைதரசனைத் திரும்ப எடுக்க முடியாது. பற்றீரியாவே அதைத் தின்று தீர்க்க வேண்டும். தீரும்போது பக்கத்தில் சுத்தமான எண்ணெய் இருக்க வேண்டும். வேறு ஒன்றையும் போடக் கூடாது. எப்போது தீரும்? தெரியாது. எங்களிடம் இருந்த சோதனைத் தாள் தண்ணீரில் கரைந்த நைத்திரேற்றை மட்டும் காட்டும், இறால் தலைக்குள் இருப்பதைக் காட்டாது. வெள்ளி பத்து மணிக்கும் தீரலாம், சனிக்கிழமையும் தீரலாம்.

நானாவை மேலே கூப்பிட்டேன். மிஞ்சிய இரண்டு டின்னையும் அவர் வடிக்கத் தொடங்கினார். முதல் தரம், இரண்டாம் தரம். பணிப்பாளர் வந்து நின்று, "இதுக்கு இவ்வளவு நேரமா? அப்பிடியே ஊத்தினா என்ன?" என்றார். பத்து நாளைக்கு முன் நான் சொன்ன அதே வசனம், என் குரலிலேயே கேட்டது மாதிரி இருந்தது.

"அவரை அவசரப்படுத்த வேண்டாம் சேர்" என்றேன். "பதறாத காரியம் சிதறாது. அவர் முடிஞ்சுது எண்டு சொன்னாப் பிறகுதான் உள்ளுக்க போகும்."

மூன்றாம் தரம் வடித்து, தெளிய வைத்து, மேலாக இறுத்து, சூடாக்கி ஆற வைத்த எண்ணெய் பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே போனது. அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பிள்ளைகளே, நான் செய்த வேலைகளிலேயே கடினமானது அந்த ஒன்றும் செய்யாமல் இருந்த வேலைதான். சத்துத் தூள் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொஞ்சம் பொஸ்பேற் போட்டுப் பார்த்தால் என்ன, வெப்பத்தைக் கூட்டினால் என்ன என்று மனம் அரித்தது. டப்பாவை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை நானாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளி காலை முதல் ரயிலில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வந்து, பஸ் பிடித்து, ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். நானா எனக்கு முன்னமே வந்து வாசலில் நின்றார். இருவரும் சேர்ந்து படியேறினோம். வாளி காய்ந்து கிடந்தது.

ஏழு மணிக்குத் துளி போட்டேன். கறுப்பு அசையவில்லை. எட்டு மணிக்கும் இல்லை. ஒன்பதுக்குப் பணிப்பாளர் வந்து கதவருகில் நின்றார், உள்ளே வரவில்லை. அவருடைய கையில் ஒரு நீள உறை இருந்தது. என்ன கடிதம் என்று எனக்கும் தெரியும், நானாவுக்கும் தெரியும். நானா அதைப் பார்த்துவிட்டு, அடுத்த தட்டில் தண்ணீர் விட்டு எண்ணெய்ப் படலம் போட்டு என் முன்னால் வைத்தார். அவருடைய கை அப்போதும் நடுங்கவில்லை.

"நீங்க போடுங்கோ நானா" என்று துளி போடுகிற சிறு குழாயை அவரிடம் கொடுத்தேன்.

ஒன்பதரைக்கு அவர் போட்ட துளியைச் சுற்றிக் கறுப்பு மெல்ல விலகியது. பயறு அளவு இடம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பயறு அளவுதான், ஆனால் இருந்தது. பத்து மணிக்கு ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. பத்தே காலுக்கு இன்னும் பெரிது.

பத்து நாற்பதுக்குக் குழாய்க்குள் ஏதோ இரைந்தது. பிறகு நுரை வந்தது. முதலில் துப்பின மாதிரிக் கொஞ்சம், பிறகு நிற்காமல். மஞ்சள் வாளிக்குள் வெள்ளையாக விழுந்து உயர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நானா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் உங்களுக்குச் செய்தது..."

"வாளிய எடுங்க மிஸ்" என்றார் அவர். "நெறஞ்சிட்டுது."

எடுத்தேன். அடுத்த வாளியை அவர் வைத்தார். பற்றீரியாவைச் சூடாக்கிக் கொன்று, ஆற வைத்து, கலன்களில் நிரப்பி முடிக்கும்போது லொறி வாசலில் ஹோர்ன் அடித்தது. ஒப்பந்தக்காரர் ஒரு கலனைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "மேக்க எத்தடம வெட கரனவாத மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார், உண்மையாகவே இது வேலை செய்யுமா என்று. களத்தில் அந்தத் தாங்கியின் கறுப்புக் கழிவு முழுதாகப் போகவில்லை. முக்கால்வாசி போனது. அவருக்கு அது போதுமாக இருந்தது. பணிப்பாளர் அந்த உறையை என் கண் முன்னாலேயே கிழித்தார். இரண்டு வாரத்தில் புதுப்பித்த ஒப்பந்தம் நானாவின் கைக்கு வந்தது.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் அது முழுக்கதை இல்லை.

அடுத்த திங்கள் காலை, "நானா, புது டின் எண்ணெயை வடிச்சு வையுங்கோ" என்றேன். அவர் ஒரு புதுக் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார். திகதியும் நேரமும் போட்டு, 'மிஸ் எண்ணெய் வடிக்கச் சொன்னார்' என்று எழுதியிருந்தது.

"இதுல ஒரு சைன் போடுங்க மிஸ்."

முகத்தில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. போட்டேன். அதன் பிறகு ஏழு வருடம், நான் வாயால் சொன்ன ஒரு வேலையையும் என் கையெழுத்து இல்லாமல் அவர் செய்யவில்லை. தட்டுக் கழுவச் சொன்னாலும் கொப்பி வரும், ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் வரும். மற்றவர்களிடம் அவர் அப்படிக் கேட்கவில்லை. என்னிடம் மட்டும்தான். புதிதாக வந்த பிள்ளைகள் அதை எங்கள் ஆய்வுகூடத்தின் நல்ல பழக்கம் என்று நினைத்துப் பாராட்டினார்கள். நானும் திருத்தவில்லை. நோன்புக் காலத்தில் எனக்குக் கஞ்சி கொண்டு வந்து தருவார், மகளின் கலியாணத்துக்கு முதல் அழைப்பு எனக்குத்தான் தந்தார். கொப்பியும் கூடவே வந்தது. பதினொரு கொப்பி நிறைந்தது.

நீங்கள் பதிவேட்டில் அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில நேரம் உண்மையாகவே வேறு கிருமி புகும். ஆனால் எழுதுவதற்கு முதல், அந்த வாரம் நீங்கள் யாருக்கு என்ன சொன்னீர்கள், யார் சொல்ல வந்ததை வெட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தட்டு வளர ஒரு நாள் வேண்டும் என்றால் அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். தெரியாது என்று சொல்லி எவரும் செத்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று மேசையை ஒழித்து ஒரு பெட்டியில் போட்டேன். புத்தகங்களும் பழைய கண்ணாடித் தட்டுகளும், நல்ல பாரம். நானா படியடியில் நின்றார்.

"நானா, இந்தப் பெட்டியை வாசல் வரைக்கும் கொண்டு வாறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

அவர் பேனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் கொப்பி இல்லை. குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாங்க மிஸ், ஓட்டோ நிக்கிது" என்று எனக்கு முன்னால் நடந்தார்.